சாவி வாங்காதவர்

சாவியைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பித் தருகிற ஆளை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, அருப்புக்கோட்டையில் எங்கள் ஆபீஸில் ஏழு வருடம் வேலை பார்த்த பெண். பெயரை எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். தேவையில்லாத இடத்தில் தன் பெயர் இருப்பது அவருக்குப் பிடிக்காது.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என் பெரியப்பா மகன் நடத்தும் இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை, அவ்வளவுதான். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். லாரியும் டிராக்டரும் ஏறி நிற்கிற எடைமேடைகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். திருச்சுழி, பரளச்சி, எம்.ரெட்டியபட்டி, காரியாபட்டி ரோடு என்று நாலு இடங்கள். பருத்தி, மிளகாய் வத்தல், கரிமூட்டத்துக் கரி எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். வண்டி ஏறியதும் சீட்டு அச்சாகும். அதே எடை இன்டர்நெட் வழியாக எங்கள் மாடியில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் வந்து உட்காரும். எல்லாம் லினக்ஸ். லைசென்ஸுக்குக் காசு கிடையாது என்பதால் அண்ணாச்சிக்கு லினக்ஸ் மேல் தனிப் பிரியம்.

லினக்ஸில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு. அந்தப் பெயரில் உள்ளே போனால் எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மற்றவர்களெல்லாம் சாதாரணப் பயனர்கள். தங்கள் அறைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அடுத்த அறையில் கை வைத்தால் 'பெர்மிஷன் டினைடு' என்று திரையில் எழுதிக்காட்டி நிறுத்திவிடும். ரூட் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்தப் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெரிய மனது பண்ணிக் கொடுப்பதுபோல் மேசையில் வைத்தேன். எடைமேடைகளுக்கு அனுப்பும் மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டுவது அவர் வேலை. நிரல், படம், அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சேர்த்துக் கட்டி அனுப்பினால் நாலு இடத்திலும் அது தானாகப் பிரிந்து அதனதன் இடத்தில் போய் அமரும். அதுவரை நான் எல்லாப் பேக்கேஜையும் ரூட்டாக இருந்துதான் கட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்துகிறேன், வேறென்ன.

அவர் சீட்டைப் படிக்கவே இல்லை. எழுத்து தெரியாதபடி மடித்து என் பக்கம் தள்ளினார்.

"இது வேணாம்ணே. கட்டுறதுக்குக் கூலியாளா இருந்தாப் போதும், வீட்டுக்காரியா இருக்கணும்னு இல்ல."

கீழே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் வியாபாரக் குடும்பங்களில் ஓர் ஆளை நம்புகிறோம் என்றால் ராத்திரி கடை சாத்தியபின் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுப்போம். அதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்குத் தெரியாது. அந்தச் சாவிக்காகவே இருபது வருடம் மூட்டை தூக்கிய ஆட்கள் இருக்கிறார்கள். கொடுத்ததை வேண்டாம் என்பவர் மனதில் ஏதோ வைத்திருக்கிறார் என்று அண்ணாச்சி முடிவு கட்டினார். அவர் லேசில் முடிவுக்கு வர மாட்டார், வந்தால் லேசில் மாற மாட்டார்.

நானும் ஒரு மாதம் எரிச்சலில்தான் இருந்தேன். என் மேசை இழுப்பறையை அந்தப் பெண் திறக்க மாட்டார். ஒருமுறை நான் மதுரையில் இருந்தபோது போன் செய்து, இழுப்பறையில் இருக்கும் ஸ்டேப்ளரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துத் தொலையுங்கள் என்றேன். சாயங்காலம் மறுபடி போன்: எடுத்தேன், திருப்பி வைத்துவிட்டேன், வேறெதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் யார் என்று கேட்டதற்கு, எங்கள் ஆபீஸில் ஓர் உத்தமி இருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஊரிலும் அவர் அப்படித்தானாம். பக்கத்து வீட்டு மதினி கோயம்புத்தூரில் கல்யாணத்துக்குப் போகும்போது, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார். இவர், தொழுவத்துப் படலுக்கு எதற்கு வாசல் கதவுச் சாவி, நீங்களே கொண்டுபோங்கள் மதினி என்றிருக்கிறார். மதினி அப்புறம் ஆறு மாதம் பேசவில்லை. ஆடுகள் மூன்று நாளும் நன்றாகத் தண்ணீர் குடித்தன என்பதை மட்டும் இவர் எங்களிடம் சிரிக்காமல் சொன்னார்.

பேக்கேஜ் கட்டும் விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எரிச்சல் தணிந்தது. தனக்கென்று எந்த உரிமையும் இல்லாத ஒரு சாதாரணக் கணக்கு. அதற்குள் ஒரு கோப்புறை. அந்தக் கோப்புறைக்குள் முழுக் கம்ப்யூட்டரையும் போலச் சின்னதாக ஓர் அமைப்பு: நிரல் போகும் இடம், எடை போகும் இடம், எல்லாம் பேருக்கு. பிள்ளைகள் தெருவில் கட்டி விளையாடும் மண்வீடு மாதிரி. அவரும் அதை மண்வீடு என்றுதான் சொல்வார். கட்டும்போது எல்லாக் கோப்பும் முதலில் மண்வீட்டில் போய் உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அதை அப்படியே மூட்டையாகக் கட்டுவார். உண்மையான கம்ப்யூட்டரில் ஒரு தூசி அசையாது. தவறிப்போய் ஒரு கோப்பு மண்வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் 'பெர்மிஷன் டினைடு' வந்து நின்றுவிடும்.

அது வந்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்கு முகம் மலரும். நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, அந்த வரியைச் சொந்தக்காரர் வந்ததுபோல் பார்ப்பார். எங்கோ தப்பு செய்திருக்கிறேன், அது பார்த்துச் சொல்லிவிட்டது என்பார்.

வெளியிலிருந்து இறக்கும் நிரல்களையும் அப்படித்தான் கட்டுவார். யாரோ எங்கோ எழுதியது, அது கட்டும்போது என்னென்ன கட்டளைகளை ஓட்டும் என்று நமக்குத் தெரியாது, அதை வீட்டுக்காரியாக இருந்து ஓட்டவிட்டால் வீடே அதன் கையில் என்பார். திருடனுக்குப் பயந்தா என்று கேட்டேன். இல்லை என்றார். தனக்குத் தன் கையைப் பார்த்துத்தான் பயமாம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அது வேறு மாதிரி நடந்துகொள்ளுமாம். மூன்று மணிக்கு மேல் அடிக்கும் கட்டளைகளை வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டுத்தான் எண்டரைத் தட்டுவார். எதிரில் இருப்பவர்களுக்கு ஜெபம் சொல்வதுபோல் இருக்கும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தார், அங்கே படித்திருப்பார் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது வேறொரு பேச்சில் குலசாமிப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். அவர்கள் குலசாமியின் உடுப்பு, சலங்கை, சின்ன வெள்ளி அரிவாள் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் வருடம் முழுக்க அவர் அப்பா வீட்டில் இருக்கும். மாசிச் சிவராத்திரி அன்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள். ஆனால் பெட்டியின் சாவி அவர்கள் வீட்டில் இல்லை. பரளச்சியில் இருக்கும் பங்காளி வீட்டில் இருக்கிறது.

"எங்க அய்யா தூக்குவாக, தொறக்க மாட்டாக. பரளச்சிப் பெரியப்பா தொறப்பாக, தூக்க மாட்டாக. இம்புட்டு வருசத்துல ஒரு சலங்க முத்து தொலஞ்சதில்லண்ணே. ஒருத்தர் மேல ஒருத்தருக்குச் சந்தேகம் வந்ததும் இல்ல."

இதைச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு மாசி வந்தது. அவர் பெட்டியோடு நடக்கப் போய்விட்டார், மூன்று நாள் லீவு. பருத்தி சீசன் உச்சத்தில் இருந்தது. மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். எம்.ரெட்டியபட்டி எடைமேடையில் புதிதாக வாங்கிய பிரிண்டர் சீட்டு அடிக்க மறுத்தது. பருத்தி ஏற்றிய டிராக்டர்கள் ரோடு வரை நிற்கின்றன என்று போன்மேல் போன். அண்ணாச்சி கீழேயிருந்து படியேறாமலே கத்தினார். எங்கள் பேக்கேஜில் பிரிண்டருக்காக இரண்டு வரி மாற்றிக் கட்டி அனுப்பினால் முடிந்தது. அவர் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நானே கட்டியவன், இதற்கு அவர் எதற்கு என்று உட்கார்ந்தேன்.

பேக்கேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறந்து என் இரண்டு வரியைச் சேர்த்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். தலைப்பில் இருந்த ஒரு வரி எனக்கு வீணாகப் பட்டது, எடுத்துவிட்டேன். மண்வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் வரி அது. அவரைப்போல் சாதாரணக் கணக்கிலிருந்தே ஓட்டினேன். பெர்மிஷன் டினைடு. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே. கீழே அண்ணாச்சி, காதில் போன், முதுகில் வியர்வை. ரூட்டாக உள்ளே போனேன்.

இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. மூட்டை கட்டி முடிந்தது. அதில் ஒரு கட்டளை, மண்வீட்டில் இருக்கும் பழைய எடைக் கோப்புறையைத் துடைத்துவிட்டுக் காலியாக ஒன்று வைக்கும். மண்வீடு எங்கே என்று தெரியாததால் அது நேராக உண்மையான வீட்டுக்குப் போய், உண்மையான எடைக் கோப்புறையைத் துடைத்துவிட்டுக் காலியாக ஒன்று வைத்தது. நாலு எடைமேடைகளிலும் அந்த சீசன் முழுக்க ஏறிய பருத்தியின் எடை. நகல் எடுக்கும் டிஸ்க்கை அண்ணாச்சி மகள் கல்யாண வீடியோவுக்காக இரண்டு மாதம் முன்புதான் நானே கழற்றிக் கொடுத்திருந்தேன்.

இதில் என்ன போயிற்று என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மானாவாரிக் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசியில் எடுத்து, ஒரே லோடாக ஏற்றி வருகிறவனுக்கு அந்த எடைதான் வருடம். வியாபாரி சீசன் முடிவில் வேறு எடை சொன்னால் எங்கள் கம்ப்யூட்டர்தான் சாட்சி. அந்தச் சாட்சியை நான் அழித்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் எடை எல்லாம் காணோம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சாவி வேணாம்னப்பவே எனக்குத் தெரியும். லீவு போட்டுட்டுப் போறப்ப ஏதோ பண்ணிட்டுப் போயிருக்கு அந்தப் பிள்ள" என்றார்.

நான் பேசவில்லை. எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. அன்று சாயங்காலம் பேசவில்லை. மறுநாள் முழுக்கப் பேசவில்லை. அவர்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரளச்சிப் பக்கம் வெயிலில் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவருக்கு, இங்கே தன் பேர் என்ன பாடு படுகிறது என்று தெரியாது.

மூன்றாம் நாள் நெற்றியில் திருநீறோடு வந்தார். மாடிக்கு ஏறவிடாமல் அண்ணாச்சி கடையிலேயே நிறுத்தி, எடையெல்லாம் எங்கேம்மா போச்சு என்று கேட்டார். கடையாட்கள் கம்பிக்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லாமல், சின்னக் குரலில் கேட்டார்.

"பெர்மிஷன் டினைடு வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான் கேட்டார். என்னிடம் ரூட் சாவி இல்லை அண்ணாச்சி என்று ஒரு வரி சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். அழிக்க அவரால் முடியவே முடியாது. அந்தக் கோப்புறையைத் தொட அவர் கணக்குக்கு உரிமையே கிடையாது. அண்ணாச்சியே அதற்குச் சாட்சி. அந்த வரியை அவர் சொல்லவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். தராசுக் கல்லைப் பார்த்துக்கொண்டு நான்தான் அழித்தேன் அண்ணாச்சி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணாச்சி என்னைத் திட்டியதை எழுத முடியாது. பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, தப்பா நெனச்சுட்டேம்மா என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் பத்து நாள் நாங்கள் இருவரும் ஒவ்வொரு எடைமேடையாகப் போய்த் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தோம். சீட்டின் அடித்தாள்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக அவர் படிக்க நான் அடித்தேன். கரையான் தின்றவை, வெயிலில் எழுத்து போனவை என்று சில மிஞ்சின. அந்த விவசாயச் சம்சாரிகளை வீடு தேடிப் போய்க் கேட்டோம். தாள் இல்லாமலே கிலோ சுத்தமாகச் சொன்னார்கள், பிள்ளை பிறந்த நேரத்தைச் சொல்வதுபோல். பிறகு அதில் இரண்டு பேருடைய சீட்டு அவர்கள் வீட்டிலேயே கிடைத்தது. சொன்ன எடை ஒரு கிலோகூடப் பிசகவில்லை. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் பைக் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்த வாரமே ரூட் பாஸ்வேர்டை மாற்றி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டு அவரிடம் கொடுத்தேன். நான் அதை மனப்பாடம் செய்யாதபடி பார்த்து அடிக்கவே கஷ்டமான நீளத்தில் வைத்திருந்தேன். வழக்கம்போல் வேண்டாம் என்றார். நீங்கள் திறக்க வேண்டாம், வைத்திருக்க மட்டும் செய்யுங்கள் என்றேன். உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, தூக்குறது மட்டும்தான என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

உறையை அவர் தன் வீட்டில்தான் வைத்திருந்தார், ஆபீஸுக்குக் கொண்டுவர மாட்டார். அதற்குப் பிறகு ரூட் வேண்டுமென்றால் நான் எம்.ரெட்டியபட்டிக்குப் பைக்கில் போக வேண்டும். கருவேலங்காட்டுக்கு நடுவே போகும் அந்த ரோட்டில் பாதி தூரத்திலேயே, இதற்கு ரூட் எதற்கு, அந்த மூன்றாவது வரிதான் தப்பு என்று பட்டுவிடும். வண்டியைத் திருப்புவேன். உறையைப் பிரித்த நாட்கள் மிகக் குறைவு, பிரித்தாலும் மறுபடி ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிடுவேன்.

அவர் கணவர் திருப்பூரில் இருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அவரும் அங்கே போய்விட்டார். போகும்போது உறையைத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை, அப்பா வீட்டில் வைத்திருக்கிறேன் என்றார்.

போன கார்த்திகையில் எனக்கு அது நிஜமாகவே வேண்டியிருந்தது. எடை மென்பொருளின் புதுப் பதிப்புக்கு எங்கள் கம்ப்யூட்டரில் இல்லாத ஒரு துணை நிரல் தேவைப்பட்டது, அதை நிறுவ ரூட் வேண்டும். வழியில் திரும்பாமல் அவர் அப்பா வீடு வரை போய்விட்டேன். பெரியவர் காப்பி கொடுத்தார். உறை எங்கே என்றேன். சாமிப் பெட்டிக்கு அடியில் என்றார். எடுத்துக் கொடுங்களேன் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பெட்டிய மாசிக்குத்தான் தம்பி அசைப்போம். மாசிக்கு வாங்க."

மாசிக்கு மூன்று மாதம் இருந்தது. வாசலில் நின்றே திருப்பூருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. அதுக்குத்தாண்ணே அங்க வச்சேன் என்றார். பிறகு, அந்தத் துணை நிரலை உங்கள் கணக்குக்குள்ளேயே ஒரு கோப்புறையில் கட்டுங்கள், அங்கிருந்தே ஓடும், யார் அனுமதியும் வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லித் தந்தார். இரண்டு நாள் பிடித்தது. மூன்று தடவை பெர்மிஷன் டினைடு வந்தது. மூன்று தடவையும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டேன். ஓடிற்று. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாசிக்குப் போனேன். அவரும் மகளோடு வந்திருந்தார். பெட்டியைத் தூக்கியதும் உறை தெரிந்தது. என் கையெழுத்து பிரியாமல் இருந்தது. பெரியவர் எடுத்து நீட்டினார். பெட்டி திரும்பி வந்ததும் அங்கேயே வைத்துவிடுங்கள் ஐயா என்றேன்.

கோயிலுக்கு நடக்கும்போது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு எங்கிட்டச் சாவி இல்லைன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? நான் உண்மையைச் சொல்வேன் என்று அவ்வளவு நம்பிக்கையா?

"இல்லண்ணே" என்றார், மகளின் கையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே. "ஒரு நிமிசம் பாப்போம்னு நின்னேன். நீங்க வாயத் தொறக்கலன்னா சொல்லிருப்பேன்."

ஒரு நிமிடம். அவரிடம் எனக்கு இருந்த அனுமதி அவ்வளவுதான். அன்று அது தீர்வதற்குள் நான் பேசிவிட்டிருக்கிறேன். முன்னால் பெட்டி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பின்னால் நடந்தோம்.